நடு இருக்கை

குத்தாய்ஸியில், எரிவாயு நிரப்பும் இடத்துக்குப் பின்னால்
சாம்பல் நிற ஓப்பல் நிற்கிறது.
ஒரு பக்கக் கண்ணாடியை டேப் தாங்கிப் பிடித்திருக்கிறது.
லம்சிரா பின்னிருக்கையின் நடுவில் மாட்டிக்கொள்கிறாள்.
இடப்பக்கம் பல்மருத்துவம் படிக்கும் பையன்.
வலப்பக்கம் மடியில் வாளியோடு ஒருவர்;
வாளியின் உப்புநீரில் பாலாடைக்கட்டி
ஒவ்வொரு வளைவிலும் புரண்டு படுக்கிறது.
முன்னால் ஒரு சிப்பாய், ஏறியதுமே தூங்கிவிட்டான்.

முன்பின் தெரியாத இவர்களை
ஒரே காரில் கோத்தது தன் தளம்தான் என்று
அவள் சொல்லவில்லை.

மூன்று வருடம், பதினோராயிரம் இருக்கைகள்.
வருமானக் கட்டத்தில் முட்டை மாதிரி ஒரு பூஜ்யம்.
அடைகாத்துப் பார்த்தாயிற்று, பொரியவில்லை.
நாளைக் காலை பத்து மணிக்குத் திபிலிசியில்
ஒருவர் காபியைக் கலக்கிக்கொண்டே கேட்பார்:
எல்லாம் சரி, பணம் எங்கிருந்து வரும்?

ஷ்ரோஷாவின் மண்ஜாடிகள் சாலையோரம் வாய்பிளந்து பார்க்கின்றன.
பொதுவாகக் கேட்பதுபோல் கேட்கிறாள்:
"அந்தத் தளம் சீட்டுக்கு ரெண்டு லாரி கேட்டா கொடுப்பீங்களா?"
(லாரி என்பது இந்த ஊரில் பணம்.
சக்கரம் இல்லாமலே ஓடிவிடும்.)

ஓதியா கியரை மாற்றிவிட்டுச் சிரிக்கிறார்.
"எதுக்கு? பெட்ரோல் போடுதா? பனியில இறங்கித் தள்ளுதா?"
"சேர்த்துவெச்சது அதுதானே" என்கிறார் வாளிக்காரர்,
"கல்யாணத் தரகருக்கும் ஒருவேளை சாப்பாடு உண்டே."
"கல்யாணத்தன்னைக்குச் சாப்பிடட்டும்.
தினம் ராத்திரி வந்து மேஜையில உட்கார்ந்தா?"

லம்சிரா மனதுக்குள் ஒரு வரியை அடிக்கிறாள்.
மாதச் சந்தா? விளம்பரம்?
விளம்பரத்தைப் பார்க்க முதலில் கூட்டம் வேண்டும்.
காப்பீடு?
பையன் போனிலிருந்து தலை தூக்காமல் சொல்கிறான்:
"நான் ஒரு காசும் தர மாட்டேன்.
ஆனா கார் எங்க போகுதுன்னு வரைபடத்துல காட்டினா
எங்கம்மா அஞ்சு லாரி தருவா."

ரிகோத்தி சுரங்கத்தில் சிக்னல் போய்விடுகிறது.
யாருடைய அம்மாவுக்கும் யாரும் தெரியாத இரண்டு நிமிடம்.
உப்புநீரின் வாசனை மட்டும்.

வெளிச்சம் வந்து, சுராமி.
சாலை நெடுக நஸூக்கி ரொட்டிக் கடைகள்,
கடைக்குக் கடை பெண்கள் கைகாட்டுகிறார்கள்.
இருபது கடையைத் தாண்டி
இருபத்தொன்றில் நிறுத்துகிறார் ஓதியா.
சிப்பாய் விழித்து இரண்டு வாங்குகிறான்,
வாளிக்காரர் மூன்று, பையன் ஒன்று, அவள் ஒன்று.
கடைக்காரி, யாரும் கேட்காமலே,
ஒரு சூடான ரொட்டியைத் தாளில் சுற்றி
ஓட்டுநர் ஜன்னல் வழியாக நீட்டுகிறாள்.
அவர் நன்றிகூடச் சொல்லவில்லை.
அது அவருக்குச் சேர வேண்டியது.

லம்சிரா மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்.
அலுவலகம் இல்லை, ஆப் இல்லை, வெள்ளைப்பலகை இல்லை.
திராட்சையும் கிராம்பும் மணக்க
ஆவி பறக்கிறது
அவள் மூன்று வருடமாகத் தேடிய பதில்.

திதுபேயில் இறங்கும்போது ஆளுக்கு இருபது.
ஓதியா நோட்டுகளை எண்ணிச் சட்டையில் செருகிக்கொண்டு,
"அடுத்த தடவை தளம் எதுக்கு? நேரா கூப்பிடுங்க."
நான்கு பேரும் எண்ணைச் சேமிக்கிறார்கள்.
அவளும்.
ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி.

மறுநாள் பத்து மணிக்கு அவள் ரொட்டியைப் பற்றிப் பேசினாள்.
கேட்டவர் நல்லவர்தான்.
"பதினோராயிரம் பேருக்கு எத்தனை ரொட்டி?" என்றார்.
தெரியவில்லை என்றாள்.
யோசிக்கிறேன் என்றார்.

வெள்ளி மாலை. கணவாயில் பனி கொட்டுகிறது.
ஊருக்குப் போக அவள் தன் தளத்தையே திறக்கிறாள்.
குத்தாய்ஸிக்கு இடம் இல்லை,
விளம்பரப்படுத்திய வண்டியே இல்லை.
எல்லோரிடமும் யாரோ ஒருவரின் எண் இருக்கிறது.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டுப்
பெயர்ப்பட்டியலில் 'ஓ' வரை போகிறாள்.
மூன்றாவது மணியில் எடுக்கிறார்.

"ஒரு இடம் இருக்கு. நடுவுலதான்.
சில்லறையா கொண்டு வாங்க."